டிக் என்று கேட்டால் நல்ல பிளக்

இவருக்குப் பணிமனையில் வைத்த பெயர் பாம்புக்காது. பேருந்து மெக்கானிக்காக இருந்தவர். ஓடுகிற என்ஜின்மேல் நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாராம். மற்றவர்கள் பாதி என்ஜினைக் கழற்றித் தரையில் பரப்பிய பிறகு கண்டுபிடிப்பதை நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற அன்று கூட்டாளிகள் கொடுத்த சுவர்க்கடிகாரம் எப்போதோ ஓடாமல் போய்விட்டது. பெயர் மட்டும் இன்றும் ஓடுகிறது. நான் இவருடைய மனைவி. என்னைக் கேட்டால், உலகத்தில் எல்லாச் சத்தமும் அந்தக் காதில் ஏறும், நான் சொல்வது மட்டும் ஏறாது என்பேன்.

இப்போது இவர் வீட்டில் உட்கார்ந்து செய்வது ஸ்பார்க் பிளக். மோட்டார் சைக்கிளில் இருக்குமே, அதேதான். ஆனால் இது வேர்க்கடலை அளவு. சின்ன விமானம், சின்னப் படகு என்று கட்டி ஓட்டுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் என்ஜினுக்குக் கடையில் பிளக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் சேர்வதில்லை. இவரிடம் வருவார்கள். பொம்மை என்ஜின் என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். "பொம்மைன்னா சாவி கொடுத்தா ஓடும். இது பெட்ரோல் குடிக்குதுடி," என்று சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு அவள் அறை பட்டறை ஆகிவிட்டது. அவள் படித்த மேசை இருந்த ஜன்னலோரத்தில் இரும்பு கடையும் லேத். அவள் துணி அலமாரியில் இப்போது துளைபோடும் ஊசிகளும் எண்ணெய்க் குப்பிகளும். இரும்புச் சுருள்கள் இவர் காலுறையில் ஒட்டிக்கொண்டு வீடெல்லாம் சுற்றும். தலையணை உறையில்கூட ஒன்றைக் கண்டெடுத்தேன். காட்டினால், "அட, இதை எங்கே போட்டேன்னு தேடிட்டு இருந்தேன்," என்று வாங்கிக்கொண்டு போனார். குப்பையைத் தேடுகிற மனிதரை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஆறுபட்டை எஃகுக் கம்பியைக் கடைந்து, உள்ளே குடைந்து, வெளியே மரை வெட்டுவது இவர் வேலை. அதற்குள் போகிற பீங்கான் குழாய் என் வேலை. நான் பல் செய்யும் லேபில் இருந்தவள். டாக்டர் அச்செடுத்து அனுப்புவார், நாங்கள் பீங்கானில் பல் சுட்டுக் கொடுப்போம். கடைவீதியில் யாராவது சிரித்தால் அதில் எது என் பல் என்று இன்றும் சொல்வேன். இவர் முதலில் பிளாஸ்டிக்கை வைத்துத்தான் பிளக் செய்தார். சூட்டில் அது உருகி வழிந்துவிடும், இவர் முகமும் கூடவே வழிந்துவிடும். பார்க்கச் சகிக்காமல், "வெந்நீர் குடிச்சாலும் ஐஸ் கடிச்சாலும் என் பல் தாங்குது. உங்க பிளக்குக்கு மட்டும் ஆகாதா?" என்றேன். லேபில் கழித்துப் போட்ட சின்ன மின்சூளை ஒன்று சமையலறை மூலைக்கு வந்தது அப்படித்தான்.

பீங்கானை உள்ளே இறக்கி, நடுவில் கம்பி விட்டு, எஃகின் விளிம்பைத் தட்டி மடக்கிவிட்டால் பிளக் முடிந்தது. அதற்கு மேல்தான் பரீட்சை. பிளக்கை மின்சாரம் பாய்ச்சும் காயிலில் மாட்டிப் பட்டனை அழுத்துவார். முனையில் நீலப்பொறி தாவும். டிக். கண்ணுக்கு எல்லாப் பொறியும் ஒன்றுதான். ஆனால் பீங்கானுக்குள் தலைமுடி அளவு விரிசல் இருந்தால், டிக்கோடு மெல்லிய ஸ்ஸ் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் பிளக் மேசையில் நன்றாகவே பொறி விடும். என்ஜினுக்குள் அழுத்தம் ஏறியதும் மின்சாரம் விரிசல் வழியாகக் குறுக்கே ஓடிவிடும், என்ஜின் நின்றுவிடும். இவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஒவ்வொன்றையும் கேட்பார். நல்லது நீல டப்பாவுக்கு, கெட்டது தகர மூடிக்கு. ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு மூடிக்குப் போகும். "உன் பீங்கான்," என்பார் இவர். "உங்க சுத்தியல்," என்பேன் நான். இந்த வழக்குக்குத் தீர்ப்பே வந்ததில்லை.

போன மழைக்காலத்துக்குப் பிறகு விற்ற பிளக்குகள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் படகுக்காரர் வந்தார். குளத்தின் நடுவில் என்ஜின் நின்றுபோய், பேண்ட்டை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிப் படகைத் தூக்கி வந்தாராம். அடுத்த வாரம் இன்னொருவர். திரும்பி வந்த பிளக்குகளில் இவர் சிவப்பு நூல் கட்டி வரிசையாக வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பீங்கான் மாத்திட்டியா?"

"அதே மாவு, அதே சூளை, அதே கை."

"அப்புறம் ஏன் வருது? பல்லுக்கு வேற, பிளக்குக்கு வேற. நீ அவசரப்படுற."

எனக்கு வந்ததே கோபம்! "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் பாத்திரங்களை உருட்டினேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடுத்த தடவை சுட்டதையெல்லாம் மையில் தோய்த்துத் துடைத்து, விரிசலில் மை தங்கியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேலே ஒரு கீறல் இல்லை. உள்ளே இருப்பதைப் பூதக்கண்ணாடி காட்டாது. அதற்குத்தான் இவர் காது இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் டீ கொண்டுபோனேன். இவர் கண்ணை மூடிப் பட்டனை அழுத்தினார். டிக்ஸ்ஸ். சரி, மூடிக்குப் போகப்போகிறது, உடனே என்னைத் திட்டப்போகிறார் என்று பதிலைத் தயார் செய்துகொண்டு நின்றேன். இவர் தலையாட்டிவிட்டு அதை நீல டப்பாவில் போட்டார்.

டீ ஆறும்வரை நின்றேன். இன்னொன்றும் அப்படியே போனது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. இவர் கைக்கடிகாரத்தின் அலாரம் கீச்கீச்சென்று கத்தும், இவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டே இருப்பார். ஜன்னலில் குருவி வந்து கத்தினால் முன்பெல்லாம் திரும்பிப் பார்ப்பார், இப்போது இல்லை. தெருவில் லாரி போனால் கேட்கிறது. நான் கூப்பிட்டாலும் கேட்கிறது, என் குரல் அப்படி. மெல்லிய, கூர்மையான சத்தம் மட்டும் இவரை விட்டுப் போய்விட்டது. எத்தனையோ தடவை இவரைச் 'செவிடன் காதில் ஊதின சங்கு' என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். அன்றோடு அந்தப் பழமொழியை விட்டுவிட்டேன். பாம்புக்காது என்று பெயர் வாங்கின மனிதரிடம் உங்கள் காது போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? காதும் காதும் வைத்த மாதிரி இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

இருக்க விடவில்லை கணக்கு வாத்தியார் ஒருவர். ஓய்வு பெற்ற பிறகு நாலு சிலிண்டர் என்ஜின் வைத்து ஒரு விமானம் கட்டியிருக்கிறார். அதன் இறக்கை சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொள்ள, அவரும் மனைவியும் சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டே பழகிவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை பறக்கவிடப் போகிறார். அதற்கு நாலு பிளக்கும் மாற்றுக்கு ஒன்றும் வாங்க வெள்ளிக்கிழமை வந்தார். படகு நின்றால் தண்ணீரில் மிதக்கும். விமானம் நின்றால்?

இவர் நீல டப்பாவைத் திறந்தார். "நாளைக்கு வாங்க சார்," என்று நான் குறுக்கே விழுந்தேன். "ஒரு வேலை பாக்கி இருக்கு."

வாத்தியார் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு நல்லபிள்ளையாகப் போனார். வாசல் கதவு சாத்தியதும் இவர் திரும்பினார்.

"என்ன வேலை பாக்கி?"

"உட்காருங்க. கண்ணை மூடுங்க. நான் அழுத்துறேன், நீங்க சொல்லுங்க."

"எனக்குப் பரீட்சை வைக்கிறியா?"

"ஆமா."

என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தார். நான் பிளக்கை மாட்டி அழுத்தினேன். "நல்லது," என்றார். அடுத்தது. "நல்லது." மூன்றாவதை அழுத்தியபோது எனக்கு ஸ்ஸ் என்று பாம்பு சீறுவது போலவே கேட்டது. "இதுவும் நல்லதுதான். இதிலே என்ன..." என்று கண்ணைத் திறந்தார்.

பிளக்கில் சிவப்பு நூல் தொங்கியது. படகுக்காரர் திருப்பிக் கொடுத்தது.

நூலைத் தொட்டுப் பார்த்தார். தானே ஒருமுறை அழுத்தினார். காதைக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு முறை. பிறகு எழுந்து, எண்ணெய்த் துணியால் லேத்தை அழுக்கே இல்லாத இடத்திலெல்லாம் துடைத்து, உறையைப் போட்டு மூடினார். பகலில் அந்த உறை லேத்தின்மேல் ஏறி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "வாத்தியார் வந்தா பிளக் இல்லைன்னு சொல்லிடு," என்றார். "உன் பீங்கானைக் குறை சொல்லிட்டுத் திரிஞ்சேன். எல்லாம் நான்தான்."

சும்மா இருந்திருந்தால் வழக்கில் நான் ஜெயித்தவள். அந்த ஜெயம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. இவர் குரலில் அப்படி ஒரு வெறுமை.

"உங்க காதுக்கு வயசாச்சு. என் காதுக்கு என்ன? இத்தனை வருஷம் உங்க டிக்கைக் கேட்டுட்டுத்தானே சமைச்சேன்? நான் கேட்டுச் சொல்றேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"பரீட்சை வச்சுப் பாருங்க. நேத்து நான் வச்சேன்ல?"

உறையை எடுத்தார். என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். நல்லதும் கெட்டதுமாகக் கலந்து மாட்டினார். ஒரே பிளக்கை இரண்டு முறை அழுத்தி ஏமாற்றவும் பார்த்தார். நான் ஒன்றுகூட விடவில்லை. "ம்" என்றார். பணிமனையில் புது ஆள் சரியாக வேலை செய்தாலும் அவ்வளவுதான் சொல்வாராம்.

விமானம் ஞாயிற்றுக்கிழமை பறந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கியது. வாத்தியார் என் கையைப் பிடித்துக் குலுக்கியதில் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. ஆனால் எனக்கு மறக்காதது அந்தச் சனிக்கிழமைக் காலைதான்.

நீல டப்பாவைக் கவிழ்த்து, வாத்தியாருக்கான ஐந்தை எடுக்க உட்கார்ந்தோம். இப்போது நான் இவருக்கு எதிரே. இவர் அழுத்துவார், என் முகத்தைப் பார்ப்பார், நான் தலையாட்டுவேன். முதல் நாலும் டிக், டிக் என்று சுத்தமாக வந்தன. ஐந்தாவது வந்தது. புதிதாகச் சுட்ட பீங்கான், மையில் தோய்த்துப் பார்த்து, இதுதான் நான் செய்ததிலேயே நேர்த்தியானது என்று நானே எடுத்து வைத்திருந்தது. டிக்ஸ்ஸ்.

இவர் காத்திருந்தார். இவருக்குக் கேட்கவில்லை. நான் தலையாட்டினால் அது நல்ல பிளக். மாற்றுக்கு வைக்கிறதுதானே, என்ஜினில் ஏறாமலே போகலாம். என் வாயைத் தவிர இனி இந்த வீட்டில் சாட்சி இல்லை.

"வேண்டாம்," என்றேன். "கெட்டது."

இவர் அதை மேசையோரத்து இரும்புப் பிடியில் வைத்து நெருக்கி உடைத்தார். பீங்கானுக்கு நடுவில் கசகசா அளவில் ஒரு குமிழ், அதிலிருந்து ஒரு கோடு. குமிழ் சூளையில்தான் வரும். சுத்தியலில் வராது. இவருக்கும் அது தெரியும்.

"என் அவசரம்தான். சூட்டைச் சீக்கிரம் ஏத்திட்டேன். எல்லாம் நீங்க இல்லை. நானும்தான்," என்றேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பீங்கானுக்காக இல்லை. இத்தனை வருஷம் இந்தக் குமிழையெல்லாம் கேட்டு எடுத்துப்போட்டு, என் கை நேர்த்தியானது என்று நானே நம்பும்படி என்னைக் காப்பாற்றின காது போய்விட்டதே என்றுதான். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

உடைந்ததைத் தகர மூடியில் போட்டார். டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்துக் காயிலில் மாட்டினார்.

"மூக்கை உறிஞ்சுற சத்தம் மட்டும் எனக்கு நல்லாவே கேக்குது," என்றார். "முடிச்சுக்கோ. அப்புறம் அழுத்துறேன்."