தேசம்மா பார்த்த பாலைவனம்

அந்த ஜனவரி முழுக்க, கடலுக்கு எதிரே கடை போட்டுக்கொண்டு தேசம்மா பாலைவனத்தைப் பார்த்தாள். லூப் ரோடு மீன் மார்க்கெட்டில், அவளுடைய ஐஸ் பெட்டிக்கு மேலே கம்பியில் ஒரு பாலித்தீன் பை தொங்கும். பைக்குள் போன். மீன் தண்ணீர் தெறிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. போனுக்குள் சவூதி மணல் மஞ்சளாக விரிந்து கிடக்கும். அதில் எறும்புகள் போலப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். எண்பத்து நாலு என்று எண் போட்ட புள்ளி அவள் மகன் கிஷோர்.

கிஷோர் என் நண்பன். பட்டினப்பாக்கத்தில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி அறைக்குப் பின்தெருவில்தான் அவர்கள் வீடு. ஹோட்டல்களுக்கு மீன் போடுவதற்காக வாங்கிய பழைய பைக்கை அடையாறு முகத்துவாரம் வரைக்கும் மணலிலேயே ஓட்டிப் பழகியவன் அவன். சறுக்கும், விழுவான், எழுந்து ஓட்டுவான். யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். மண் தடப் பந்தயங்களுக்குக் கூப்பிட்டார்கள். கடைசியில் ஒரு குழு அவனைப் பாலைவனத்துக்கே அழைத்துப் போனது. இரண்டு வாரப் பந்தயம். தினமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். சாலை கிடையாது. வண்டியின் முன்னால் இருக்கும் வழிக்குறிப்பைப் பார்த்துக்கொண்டே மணலிலும் கல்லிலும் போக வேண்டும்.

"அலை மாதிரிதான் மச்சி," என்று கிளம்புவதற்கு முன் சொன்னான். "மேட்டுக்கு அந்தாண்ட இன்னா கீதுன்னு மேல ஏறுனாத்தான் தெரியும். சரிவா இருந்தா பரவால்ல. வெட்டி உட்ட மாதிரி இருந்தா, அவ்ளோதான்."

"இதெல்லாம் அம்மாகிட்ட சொல்லாதே."

"சொல்ல மாட்டேன். நீ அம்மாவுக்கு ஆப்ல காட்டிக்கினு இரு. அது போதும்."

நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வரைபடங்களைச் சரிபார்ப்பது வேலை. வண்டிகள் போன தடத்தைத் திரையில் பார்த்து, எது சாலை, எது சாலை இல்லை என்று குறிக்க வேண்டும். வேலை பிற்பகலில்தான் தொடங்கும் என்பதால் காலையில் தேசம்மா கடைக்குப் போய் நிற்பேன். பக்கத்துக் கடை டயானா எனக்கு 'மேப்பு' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"வா மேப்பு. உன் ஃப்ரெண்டு ஒட்டகத்துக்குப் பொண்ணு பாக்கப் போய்ட்டானா, இல்ல ரேஸு ஓட்டுறானா?"

"உன் வாய்ல மீன் முள்ளக் குத்த," என்பாள் தேசம்மா, சிரித்துக்கொண்டே. அவள் கை மட்டும் நிற்காது. வஞ்சிரத்தைத் துண்டு போடும். சங்கராவுக்குச் செதில் எடுக்கும். கண் மட்டும் பையில்.

அவளுடைய வாழ்க்கையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். சின்ன வயதில் கல்யாணம். கணவர் சுப்பராயன், பைபர் போட் வைத்திருந்தவர், கடலில் போய்விட்டார். அதன் பிறகு இந்தக் கடை, ஒரே மகன். கணவரைப் பற்றி அவளும் அதற்கு மேல் பேசியதில்லை. "கடல்ல பூட்டாரு" என்பாள். வீட்டுக்காரர் ஆபீஸ் போயிருக்கிறார் என்று சொல்வதைப் போலவே சொல்வாள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, எண்பத்து நாலு நின்றுவிட்டது.

முதலில் நான் கவனிக்கவில்லை. மற்ற புள்ளிகள் அதைத் தாண்டிப் போவதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. பந்தயத்தின் நடுவில் யாரும் சும்மா நிற்க மாட்டார்கள். வண்டி உடைந்திருக்க வேண்டும், இல்லை ஆள். நான் தேசம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டே ஒரு கூறு நெத்திலியை அள்ளி வாடிக்கையாளர் பையில் போட்டாள்.

"மோட்டார ஆஃப் பண்ணிட்டு வலை உட்டுகினு கீறான்," என்றாள். "வந்துருவான்."

பாவம், புரியாமல் பேசுகிறாள் என்று நினைத்தேன். படகு நின்றால் வலை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மணலில் நிற்பதற்கு அந்த அர்த்தம் இல்லை என்பதை எப்படிச் சொல்வது? டயானாவைப் பார்த்தேன். வாய் ஓயாத டயானா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

போனைப் பையிலிருந்து எடுத்து, படத்தைப் பெரிதாக்கினேன். எண்பத்து நாலுக்கு அடியில் இன்னொரு புள்ளி இருந்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. அடியில் இருந்ததன் எண் தெரியவில்லை. அந்தப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. அடிபட்டுக் கிடப்பவனை முதலில் பார்ப்பவன் நின்றே ஆக வேண்டும். உதவிக்குப் பொத்தானை அழுத்திவிட்டு, ஹெலிகாப்டர் வரும்வரை கூடவே இருக்க வேண்டும். அதனால் போகும் நேரத்தை அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆக, ஒருவன் விழுந்திருக்கிறான், ஒருவன் நின்றிருக்கிறான். இதில் கிஷோர் யார்?

"இன்னா நைனா? மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்லம்மா. கூட இன்னொருத்தன் இருக்கான். ரெண்டு பேரும் நிக்கிறாங்க."

"தொணைக்கு ஆள் கீது. நல்லதுதான்."

நெடுநேரம் கழித்து ஒரு புள்ளி நகர்ந்தது. இரண்டின் எண்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பாகத் தெரிந்தன. நகர்ந்த புள்ளி பாறை மேடுகளைத் தாண்டியது, வறண்ட ஓடையைத் தாண்டியது, எங்கும் வளையாமல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோலப் போனது. தரையில் போகிற எதுவும் அப்படிப் போகாது. எனக்கு அதைப் பார்க்கத்தான் சம்பளம். வண்டியில் ஒரு கருவி, ஆள் சட்டையில் ஒரு கருவி என்று கிஷோர் சொல்லியிருந்தான். ஆப் காட்டுவது ஆளைத்தான். ஆளைத் தூக்கிக்கொண்டு ஹெலிகாப்டர் போகிறது.

தேசம்மாவின் கத்தி மீன் முதுகில் பாதி இறங்கியபடி நின்றிருந்தது.

"நேரா போவுது," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எண்கள் பிரிந்தன. போன புள்ளி முப்பத்தொன்று. எண்பத்து நாலு மணலிலேயே இருந்தது.

"அம்மா, கிஷோர் இல்ல! அது வேற ஆளு!" கத்தியேவிட்டேன். டயானா தன் கடையிலிருந்தே "ஏய், டீ சொல்லு! எல்லாருக்கும் டீ சொல்லு!" என்று கூவினாள். தேசம்மா சிரிக்கவில்லை.

"ஆளு போய்ட்டான்ல? அப்புறம் இவன் இன்னாத்துக்கு இன்னும் அங்கியே நிக்கிறான்?"

டீ ஆறிய பிறகுதான் எண்பத்து நாலு நகர்ந்தது. மெதுவாக, வளைந்து வளைந்து.

முப்பத்தொன்று ஹெலிகாப்டரிலேயே இறந்துவிட்டான் என்று பிற்பகலில் செய்தி வந்தது. வேறு தேசத்துக்காரன், கிஷோர் வயதுதான். அன்று நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

விளக்கு வைத்த நேரத்துக்குக் கிஷோர் வீடியோவில் வந்தான். முகமெல்லாம் மணல். கண்ணைச் சுற்றி மட்டும் கண்ணாடி பதிந்த வட்டம்.

"என் கையப் புடிச்சுக்கினே இருந்தாம்மா. உடவே இல்ல. ஹெலிகாப்டர்காரங்க வந்து விரல் ஒண்ணொண்ணா பிரிச்சாங்க. இன்னும் வலிக்குது." வலது கையைத் தூக்கிக் காட்டினான். ஒன்றும் தெரியவில்லை.

"சாப்ட்டியா?"

"ம்."

"நாளைக்கு வண்டிய எடுக்காத."

கிஷோர் கையைக் கீழே இறக்கிக்கொண்டான்.

"காதுல உழுந்துச்சா? உங்கப்பன் போன அன்னிக்கு இந்தக் குப்பத்துல எவனாச்சும் வலை எடுத்தானா? தேடப் போன போட்டத் தவிர ஒரு போட்டு எறங்கல. துக்கத்தன்னிக்கு எறங்குனா கடலு இன்னொருத்தனயும் சேத்துக் கேக்கும்."

"அம்மா, இது கடல் இல்லம்மா. ரேஸு யாருக்காகவும் நிக்காது. காலைல எல்லாரும் ஒரு நிமிஷம் தலை குனிஞ்சு நிப்பாங்க. அப்புறம் கெளம்பிருவாங்க. எனக்குப் போன டைமக்கூட திருப்பிக் குடுத்துட்டாங்க. நல்ல எடத்துல கீறேன். இத்தன வருசம் எதுக்கும்மா உழுந்து எழுந்தேன்?"

"உன் டைம உனக்குக் குடுத்தாங்க. அவன் டைம எவன்டா குடுப்பான்?"

அவன் போனை வைத்துவிட்டான். லைன் போய்விட்டது என்று நான் பொய் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி, முதல் தடவையாக, சுப்பராயனைப் பற்றிப் பேசினாள்.

"கரைல நின்னு பாத்தாலே போட்டு தெரிஞ்சுது நைனா. தூரமா, அசையாம. வந்தவங்க எல்லாரும் அதத்தான் சொன்னாங்க. வலை உட்டுகினு கீறாரு, வந்துருவாருன்னு. நானும் கொழம்பு வெச்சுட்டேன். தேடிப் போயி இஸ்துகினு வந்த போட்ல எல்லாம் இருந்துச்சு. வலை கீது. செருப்பு கீது. தீப்பெட்டி நனையாம கீது."

காலையில் அவள் சொன்ன வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. புள்ளி நின்ற நேரத்தில், அன்றைக்குக் கரையில் கேட்டதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் அவள் ஐஸ் வாங்கவில்லை. பலகையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெறும் கடையில் உட்கார்ந்தாள். டயானா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏன்க்கா, எந்த ஊர்லயோ எவனோ செத்தான்னு பட்டினப்பாக்கத்துல கடைய மூடுவியா? நாளைக்கு அமெரிக்கால எவனாச்சும் பூட்டா இன்னா பண்ணுவ?"

"என் புள்ள கையப் புடிச்சிக்கினு செத்தான்டி."

டயானா தன் மீன் மேல் கோணியை இழுத்து மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கானாங்கத்த கெட்டுப்போனா உன் பேர்லதான் எழுதுவேன்," என்று முணுமுணுத்தாள்.

மூவரும் போனைப் பார்த்தோம். தொடக்கக் கோட்டில் புள்ளிகள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரிந்து மணலுக்குள் இறங்கின. எண்பத்து நாலின் முறை வந்தது. அது நகரவில்லை. அதற்குப் பின்னால் இருந்தவை தாண்டிப் போயின. எண்பத்து நாலு கோட்டிலேயே இருந்தது.

"எடுக்கல," என்றாள் தேசம்மா. "எடுக்கல பாரு. என் பேச்சக் கேட்டுட்டான்."

நானும் அப்படித்தான் நம்பினேன். எல்லாப் புள்ளிகளும் போய், கோடு காலியாகி, அது ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. தேசம்மா எழுந்து புடவையை உதறினாள். அப்போது எண்பத்து நாலு நகர்ந்தது. கடைசி ஆளாக, தனியாக.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். நான் அன்றும் லீவு சொன்னேன். அந்தப் புள்ளி அன்றைய ஓட்டத்தின் முடிவிடத்துக்குப் போய்ச் சேரும்வரை அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மேடு வரும் இடங்களில் எல்லாம் அது மறைவது போலத் தெரியும். அப்போதெல்லாம் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பாள். கிஷோரின் கை ஏன் வலித்தது என்று எனக்குப் புரிந்தது.

மாலையில் அவனே கூப்பிட்டான். பின்தங்கிவிட்டானாம். குழுவில் திட்டாம்.

"அவங்க திருப்பிக் குடுத்தாங்கல்ல, அந்த டைம்மா. அது முழுக்க கோட்டுலயே நின்னேன். அத எடுத்துக்கினு போவ முடியல. ஆனா போவாமயும் இருக்க முடியல."

தேசம்மா போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தாள். "கைக்குத் தைலம் தேச்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

பந்தயத்தை முடித்துவிட்டு வந்து சேர்ந்தான். குப்பத்தில் பட்டாசு வைத்தார்கள், மாலை போட்டார்கள். யார் கை குலுக்க வந்தாலும் இடது கையை நீட்டினான். வாங்கிவந்த பதக்கத்தைத் தேசம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. சுப்பராயன் படத்தில் மாட்டினாள். ஆப்பை மட்டும் எடுக்க விடவில்லை. பந்தயம் முடிந்ததும் புள்ளிகள் கடைசியாக நின்ற இடத்திலேயே உறைந்துவிட்டன. முப்பத்தொன்று மற்ற எல்லாவற்றிலிருந்தும் விலகி, ஹெலிகாப்டர் இறங்கிய ஏதோ ஒரு ஊர் ஓரத்தில் தனியாக இருக்கிறது. "அது அங்கியே இருக்கட்டும்," என்றாள். "அவங்கம்மாவும் பாத்துக்கினு இருப்பா."

இப்போதும் கிஷோர் காலையில் முகத்துவாரம் பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறான். சத்தம் கடை வரைக்கும் கேட்கும். சில நாள் நடுவில் சத்தம் நின்றுவிடும். எதற்கு நிறுத்துகிறான் என்று நான் கேட்டதில்லை. அவன் சொன்னதுமில்லை. போன வாரம் அப்படி நின்றபோது டயானா பழக்கத்தில் வாயெடுத்தாள்.

"வலை உட்டுகினு கீறான்க்கா, வந்து..."

"அத மட்டும் சொல்லாதடி."

வஞ்சிரம் வாங்க வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். தேசம்மாவின் கத்தி மீனுக்கு மேலே அப்படியே நின்றது. முகத்துவாரத்திலிருந்து இன்ஜின் சத்தம் வந்த பிறகுதான் கீழே இறங்கியது.