பெயர் போடாத கடிதம்

போன ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைச் சந்தைக்கு லீக்ஸ் வாங்கப் போனேன். நான் வாங்கினால் பாதி முற்றலாகத்தான் இருக்கும் என்று வீட்டில் ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. அதனால் குனிந்து ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிளாக்கரய்யா தானேங்க?"

நிமிர்ந்தேன். மரக்கறிக் குவியலுக்குப் பின்னால் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் கம்பளித் தொப்பி, கையில் தராசு.

என்னை அப்படி யாரும் கூப்பிட்டு வருஷங்களாகின்றன. பதுளையில் இப்போது நான் 'பத்திரிகைக்காரர்'. வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலருக்கு, ஒரு காலத்தில் நான் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தேன் என்பதே தெரியாது. நானும் சொல்லிக்கொண்டதில்லை. ஏன் சொல்லவில்லை? அதை இந்த வாரம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

"பரமேஸ்வரிங்க" என்றார் அந்தப் பெண்.

பெயரைக் கேட்டும் முகம் பிடிபடவில்லை. ஆனால் ஒரு நம்பர் ஞாபகத்துக்கு வந்தது. இருநூற்றுப் பதினாலு.

தொண்ணூறுகளில் அரசாங்கம் தோட்டங்களைக் கம்பெனிகளின் கையில் கொடுத்ததே, அந்தக் காலம். அப்புத்தளைக்குக் கீழே நான் வேலை பார்த்த தோட்டமும் ஒரு கம்பெனிக்குப் போனது. எந்தத் தோட்டம், எந்தக் கம்பெனி என்று கேட்டு எழுதாதீர்கள்... சொல்லப்போவதில்லை. இருபது தோட்டத்துக்காரர்கள் இதைத் தங்கள் தோட்டத்துக் கதை என்று நினைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கம்பெனி வந்ததும் முதலில் வந்து சேர்ந்தது உரம் இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைக்குத் தகரமும் இல்லை. விழுமியங்கள்!

கொழும்பிலிருந்து ஜீப்பில் டை கட்டிய ஒருவர் கொண்டுவந்தார். நல்ல மனிதர். லயத்துப் பிள்ளைகளுக்கு டொபி கொடுத்தார், எங்கள் ஆபீஸ் பியூனைக்கூட 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் நாலே நாலு சொற்கள். அதைத் தமிழில் ஆக்கித் தரும்படி என்னிடம் கேட்டார். மரியாதை, நேர்மை, அக்கறை, திறந்த மனம் — நான்கும் என் கைவேலை. மூன்றாவதற்குக் 'கவனிப்பு' என்று போடுவதா, 'அக்கறை' என்று போடுவதா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அக்கறைதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பெரிய தாளில் அச்சடித்து எல்லா இடத்திலும் ஒட்டினார்கள். காலையில் கணக்கப்பிள்ளை ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களத்தில் ஒன்று, ஃபாக்டரியில் ஒன்று, மருந்துக் காம்பராவில் ஒன்று, என் மேசைக்கு மேலே ஒன்று. கொழுந்தெடுக்கும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் மட்டும் கூடுதலாக ஒரு படம். சிவந்த ஒரு தாய், கொழுத்த ஒரு குழந்தை, கீழே 'தாயும் சேயும் எங்கள் குடும்பம்'. அந்தத் தாயைப் பார்த்தால் தேயிலைச் செடியைத் தூரத்தில்கூடக் கண்டவளாகத் தெரியவில்லை.

பிறகு வந்தது பெட்டி.

ஆலோசனைப் பெட்டி. தோட்டத்து ஆசாரி செய்து, பச்சை பெயின்ட் அடித்து, பூட்டும் போட்டுக் கொடுத்தார். சாவி என்னிடம். ஆபீஸ் ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டினோம். எங்கள் ஆபீசுக்குள் தொழிலாளர்கள் வருவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசவேண்டும். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம், கம்பெனியும் மாற்றவில்லை. அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் 'திறந்த மனம்' தொங்கியது.

முதல் மாதம் திறந்தேன். இரண்டு டொபிக் காகிதம், ஒரு பஸ் டிக்கெட். இரண்டாம் மாதம் அதுவும் இல்லை.

ஹெட் ஆபீஸ் விடுமா? மற்றத் தோட்டங்களில் ஆலோசனைகள் குவிகின்றன, உங்கள் தோட்டத்தில் ஏன் ஒன்றுமில்லை என்று கடிதம் வந்தது. எங்கள் மேனேஜருக்கு — பெரிய துரை என்போம் — முகம் சிவந்துவிட்டது. மறுநாள் காலை பெரட்டுக்கே நேரில் வந்தார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். பயப்படாமல் எழுதுங்கள், மனதில் உள்ளதை எழுதுங்கள், பெயர் போட வேண்டாம், யார் எழுதினார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பனிமூட்டம். பின்வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று கடைசி வரியை இரண்டு தடவை சத்தமாகச் சொன்னேன். அது அவர் கேட்டுக்கொண்டதல்ல, என் சொந்த உற்சாகம்.

அந்த மாதம் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது.

கோடு போட்ட கொப்பித் தாள், இரண்டு பக்கம். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன, ஆனால் ஆசையாக எழுதப்பட்ட உருண்டை எழுத்து. விஷயம் இதுதான். கைப்பிள்ளைக்காரிகளைக் காலை பத்து மணிக்கு மலையிலிருந்து இறக்கி, பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வர விடுவது தோட்டத்தில் என்றைக்கும் இருந்த வழக்கம். புதிதாக வந்த உதவி மேனேஜர், சின்னத் துரை, அதை நிறுத்திவிட்டார். கொழுந்து குறைகிறதாம். இனிக் கொழுந்தை எடைபோடும் பகல் நிறுவை முடிந்த பிறகுதான். நடுவில் இறங்கினால் அன்றைய வேலை அரை நாளாகத்தான் பதிவாகும்.

கடிதத்தில் ஒரு பகுதி எனக்கு இன்னும் மனப்பாடம்.

"படத்தில் இருக்கிற அம்மாவுக்குப் பிள்ளை மடியிலேயே இருக்கிறது. எங்களுக்கு மடியில் வேண்டாம். பத்து மணிக்கு விட்டால் போதும். பால் கட்டி நோகிறது. ரவிக்கை நனைந்து கணக்கப்பிள்ளை முன்னால் நிற்க வெட்கமாக இருக்கிறது. பிள்ளை அழுதால் ஆயா சீனித்தண்ணி கொடுக்கிறார். ஆயா பேரில் குற்றமில்லை."

ஆயா பேரில் குற்றமில்லையாம். யாருக்கும் பாதகம் வரக்கூடாது என்று எவ்வளவு கவனம் பாருங்கள். கடைசியில் 'இப்படிக்கு' என்று எழுதி, பெயர் போடும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தது. அதற்குக் கீழே ஓரமாக, அடிக்கோடிட்டு — 214.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு வராது. அங்கே ஒரு ஆளுக்குப் பெயர் அப்புறம், செக்ரோல் என்ற ஆட்பதிவேட்டில் உள்ள நம்பர்தான் முதலில். மருந்து வாங்கவா, மா வாங்கவா, லீவு கேட்கவா, செத்தவருக்குப் பெட்டி கேட்கவா... எந்தத் தாளிலும் நம்பர் இல்லையென்றால் அது தாளே இல்லை. திருப்பி அனுப்பிவிடுவோம். அனுப்பியதே நான்தான், எத்தனையோ தடவை. பெயர் போட வேண்டாம் என்றோம், அவள் போடவில்லை. நம்பர் போட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே!

கடிதங்களை ஆங்கிலத்தில் ஆக்கி, டைப் அடித்து, மூலத்தோடு துரையிடம் கொடுப்பது என் வேலை. டைப்ரைட்டரில் தாளைப் போட்டேன். கடைசி வரி வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

மேசை லாச்சியில் கத்தரிக்கோல் இருந்தது. ஒரு விரல் அகலம் வெட்டினால் போதும். ஓரம் கிழிந்த தாள் என்று யார் கேட்கப்போகிறார்கள்? துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் 214 என்ற இலக்கத்தை வாசிக்கத் தமிழ் எதற்கு? தேநீர் வந்தது. குடித்து முடிக்கும்வரை யோசித்தேன். வெட்டியது தெரிந்துவிட்டால்? கிளாக்கர் குவாட்டர்ஸ் போய்விட்டால்? மகனை அப்போதுதான் பண்டாரவளையில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தேன். தலைக்கு மேலே சுவரில் 'நேர்மை' வேறு. உள்ளதை உள்ளபடி கொடுப்பதுதானே நேர்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயத்துக்கு எவ்வளவு நல்ல சட்டை கிடைத்துவிட்டது!

214 என்று டைப் அடித்தேன்.

துரை தாளை வாங்கினார். அவர் கண் மேலிருந்து கீழே இறங்கிய வேகம் எனக்குத் தெரியும், எதிரேதான் நின்றேன். யார் இது என்று கேட்டார். செக்ரோலைத் திறந்து பார்த்துச் சொன்னேன். பரமேஸ்வரி, நடு டிவிஷன், ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை. அவர் கோபப்படவில்லை, கத்தவில்லை. நன்றி என்றார். இந்த மாதிரிக் கருத்துகள் கம்பெனிக்கு முக்கியம் என்றும் சொன்னார்.

மறுநாள் பெரட்டில் பரமேஸ்வரியை மேல்மலைக்கு அனுப்பினார்கள். உச்சியில், காட்டை ஒட்டிய மலை. அங்கிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு இறங்க ஒரு மணி நேரம், ஏற ஒன்றரை மணி நேரம். பத்து மணிக்கென்ன, பகலுக்குக்கூட இறங்க முடியாது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. எங்கே ஆள் குறைவோ அங்கே அனுப்புவது தோட்டத்தில் சாதாரண விஷயம். அந்தச் சாதாரண விஷயம் அடுத்த நாளும் நடந்தது, அதற்கடுத்த நாளும், அந்த மாதம் முழுக்கவும் நடந்தது. பெட்டியில் பிறகு டொபிக் காகிதம்கூட விழவில்லை.

மாத அறிக்கையில், 'ஆலோசனை ஒன்று கிடைத்தது. உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதினோம். டைப் அடித்தது நான்தான்.

மனம் வெறுத்து வேலையை உதறிவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. பதவி உயர்வு வாங்கிக்கொண்டு இன்னும் நாலு வருஷம் அங்கேதான் இருந்தேன்.

இதில் கெட்டவன் யார் என்று தேடினால் ஆள் அகப்படமாட்டான். டை கட்டியவர் மனதார நம்பித்தான் நாலு சொற்களைக் கொண்டுவந்தார். துரை ஒருவரையும் வையவில்லை. கணக்கப்பிள்ளை சொன்ன இடத்துக்கு ஆளை அனுப்பினார். நான் எழுத்துப் பிசகாமல் டைப் அடித்தேன். இத்தனை ஒழுங்கான ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்துத்தான் ஒரு பிள்ளையின் பாலை நிறுத்தினோம். இன்றைக்கு எந்த ஆபீசுக்குப் போனாலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இப்படிச் சொற்கள் தொங்குகின்றன. அதைக் கண்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். சொற்கள் பொய் என்பதற்காக இல்லை. அதை நம்பி யாராவது எழுதிவிடப் போகிறார்களே என்றுதான்.

சந்தைக்கு வருகிறேன்.

பரமேஸ்வரி லீக்ஸைத் தெரிந்தெடுத்துக் கட்டிக்கொண்டே குடும்ப நிலவரத்தைச் சொன்னார். மேல்மலைக்குப் போன மூன்றாவது வாரமே பால் வற்றிவிட்டது. பிள்ளைக்கு மாப்பால் சேரவில்லை, உடம்பு கெட்டுப்போனது. பூனாகலையில் அவருடைய அக்காவும் அப்போது பிள்ளை பெற்றிருந்தார். இரண்டு பிள்ளைக்கும் நான் கொடுக்கிறேன் என்று தூக்கிக்கொண்டு போனார். பிள்ளை அங்கேயே வளர்ந்துவிட்டது. அடுத்த வருஷமே இவர்கள் தோட்டத்தை விட்டு வந்து, குத்தகைக்கு நிலம் எடுத்து மரக்கறி போடுகிறார்கள்.

"நல்லாப் படிக்குதுங்க" என்றார். "அக்காவத்தான் அம்மாங்குது. என்னயச் சித்தின்னு கூப்பிடும்."

நான் பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"உங்களப் பாத்தா ஒன்னு கேக்கணும்னு இருந்தேங்க."

வந்துவிட்டது என்று நினைத்தேன். நம்பர் எப்படித் துரைக்குப் போனது என்று கேட்கப்போகிறார். பத்து வருஷமாக நான் தயாரித்து வைத்திருந்த பதில்களை மனதுக்குள் அவசரமாக வரிசைப்படுத்தினேன்.

"அந்தக் கடுதாசி... நான் அஞ்சாம் வகுப்புதானேங்க. எழுதினது தொரைக்கு வெளங்காமப் போச்சோ? பத்து மணின்னு எழுதாம பத்தரைன்னு எழுதியிருந்தா விட்டிருப்பாரோன்னு நெனப்பேன். படத்தப் பத்தி எழுதுனதுதான் தப்பாப் போச்சோ?"

அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. துரையைக்கூடக் குறை சொல்லவில்லை. பத்து வருஷமாக, லீக்ஸ் நடும்போதும் கரட் கழுவும்போதும் மனதுக்குள் அந்தக் கடிதத்தைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். சரியாக எழுதியிருந்தால் மகள் தன்னிடமே இருந்திருப்பாள் என்று.

அந்தக் காலத்தில் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருப்பேன். இப்போது வாய் வரவில்லை.

"இல்லம்மா. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. எல்லாம் நல்லா வெளங்குச்சு."

அவர் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

"அப்புறம் ஏங்க?"

அதற்குள் கரட் கேட்டு ஒரு சிங்கள அம்மா வந்தார். பரமேஸ்வரி அந்தப் பக்கம் திரும்பினார். நின்று சொல்லியிருக்கலாம், நேரம் இருந்தது. காசைக் கொடுத்துவிட்டு நடந்துவிட்டேன். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன், அவருக்குப் பத்திரிகை படிக்க நேரம் இருக்காது என்ற தைரியத்தில்.

அவருடைய கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. என் மொழிபெயர்ப்பிலும்தான்.