பெரிய தக்கை கேட்ட மகள்

தினமும் பக்கத்திலேயே இருந்தும் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன்?

புலாவ் செபாங் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மீன்பிடிக் குளத்தில் வண்டியை நிறுத்துகிறோம். என் ஏழு வயது மகள் யாழினி, தூண்டிலுக்குப் பந்து போன்ற பெரிய சிவப்புத் தக்கைதான் வேண்டும் என்கிறாள். குளக்கரையில் தூண்டில் விற்கும் கடைக்காரப் பெண் வேண்டாமென்று தலையசைக்கிறாள்.

“அது வேணாங்கா. இங்க சின்ன திலாப்பியா மீனுதான் லா. இழுக்கக் கனமா இருந்தா விட்டுட்டு ஓடிரும்.”

மெல்லிய பச்சைத் தக்கை ஒன்றை வாங்கிக் கட்டுகிறேன். பதினைந்தடி தள்ளி மிதக்கும் அது சட்டென்று அமிழ்கிறது. தூண்டிலைப் பிடித்திருக்கும் யாழினி அசையவில்லை. இரண்டாவது முறையும் மீன் இரையைத் தின்றுவிட்டுப் போகிறது.

“தக்கையப் பாக்காம எங்கடி பராக்கு பாக்குற?”

“பாத்துக்கிட்டுதாம்மா இருக்கேன். அது எங்க இருக்கு?”

கடைக்காரப் பெண் என்னைப் பார்க்கிறாள். சிவப்புத் தக்கையை எடுத்து மாட்டுகிறாள்.

“மீனு கெடைக்காட்டி போவுதுக்கா.”

“இது தெரியுதும்மா,” என்று யாழினி சிரிக்கிறாள்.

வகுப்பில் கரும்பலகையைக் கவனிப்பதில்லை என்று ஆசிரியை சொன்ன அன்று அவளை அடித்தேன். நாளைக் காலை கண் மருத்துவரிடம் போகிறோம். அதற்குமுன் அவளிடம் நான் என்ன சொல்ல வேண்டும்? பிள்ளை பெற்றவர்கள் யாராவது சொல்லுங்களேன்.