முதல் பக்கத்தில் இருந்தது

இஃப்பத் எதையும் மறக்கிற பிறவி இல்லை. மூன்றாம் வகுப்பில் தன் பென்சிலைத் திருடியவள் பெயர் இன்றைக்கும் அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளின் உழைப்பில்தான் பேராசிரியர் ஞானதாஸ் கை வைத்தார்.

பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் கிதர் முகம்மதுவின் மகள் அவள். திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஒன்பது வருடமாக உதவியாளர். பெரோவ்ஸ்கைட் சூரிய செல் செய்வது வேலை. கண்ணாடித் துண்டில் மஞ்சள் கரைசலைச் சொட்டிச் சுழற்றி, சூடான தட்டில் வைத்தால் கறுத்துப் படலமாகும். அந்தக் கறுப்புதான் வெயிலை மின்சாரமாக்கும். அதற்குப் பெரிய எதிரி ஈரம். ஈரம் புகுந்தால் படலம் குலைந்து மஞ்சளாகிவிடும். பிறகு எத்தனை வெயில் அடித்தாலும் பிரயோஜனம் இல்லை.

"தோலும் இப்படித்தாம்மா, ஈரம் பட்டாப் போச்சு," என்பார் அத்தா. அவர் கிடங்கில் ஒவ்வொரு தோல்கட்டிலும் ஒரு சீட்டு தொங்கும். மேலே உரியவர் பெயர், கீழே அந்தச் சரக்குக்கு எது ஆகாது என்ற குறிப்பு. இஃப்பத்தும் தன் ஆய்வு நோட்டின் முதல் பக்கத்தில் அப்படியே எழுதினாள். முதலில் பெயர். அதன் கீழே: ஈரப்பதம் முப்பதைத் தாண்டினால் செய்யக் கூடாது, விளிம்பை ரப்பர் பசையால் அடைக்காமல் வெளியே எடுக்கக் கூடாது. மற்ற பக்கங்களில் செய்முறை மட்டும்.

பங்குனியில் அவள் செய்த செல்கள் மொட்டை மாடி வெயிலில் நாற்பது நாள் கறுப்பு மாறாமல் நின்றன. ஞானதாஸ் நோட்டை வாங்கிக்கொண்டு போனார். ஆவணியில் கட்டுரை வெளிவந்தது. அவர் பெயர் இருந்தது, ஆய்வகப் பக்கமே வராத அவர் மச்சினன் மகன் பெயர்கூட இருந்தது. இவள் பெயர் இல்லை. கேட்டதற்கு, "நீ உதவியாளர்தானேம்மா," என்றார்.

அவர் மேசையில் கிடந்த தன் நோட்டைப் புரட்டினாள். பெயர் இருந்த பக்கத்தைக் கிழித்திருந்தார். அந்தப் பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்பது மறுகணம் நினைவுக்கு வந்தது. நோட்டை இருந்த இடத்திலேயே மூடி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஐப்பசியில், நிதி கொடுக்கும் குழு சென்னையிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. ஞானதாஸ் தன் கையாலேயே ஆறு செல் செய்தார். ஈரம் கெடுக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் ஈரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால், இந்தச் செய்முறை ஈரத்தையும் தாங்கும் என்று கட்டுரையில் அவரே எழுதி, அதை அவரே நம்பிவிட்டார். வெளியே அடைமழை. ஈரமானி எண்பத்திரண்டு காட்டியது. பசை போடாமல் செல்களை அட்டைப் பெட்டியில் அடுக்கினார். இஃப்பத் பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். பாவம் என்றுகூடத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு தின்றாள்.

நாலாம் நாள் குழுவின் முன்னால் பெட்டியைத் திறந்தார். ஆறும் மஞ்சள். விளக்கொளியில் வைத்தும் மீட்டர் முள் அசையவில்லை.

"நாப்பது நாள் தாங்கும்னு எழுதியிருக்கீங்க," என்றார் குழுத் தலைவி சூர்யகலா.

இஃப்பத் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு செல்லை எடுத்தாள். பங்குனியில் செய்தது, சுற்றிலும் பசை. மீட்டரில் கோத்ததும் முள் எழுந்து நின்றது. எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

ஞானதாஸ் அந்தச் செல்லின் விளிம்பிலிருந்த பசையைத் தடவிப் பார்த்தார். "ஏம்மா, இதை எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"சொல்லியிருந்தேனே சார். மொதப் பக்கத்துல, எம்பேருக்குக் கீழ."