வளையல் போட்டு விடை கண்டவர்

நானாகவே புரோகிராமிங் கற்று, வேலைத் தேர்வுக்காக ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் போனேன். மடியில் குழந்தை. ஃபங்ஷன் என்னும் புரோகிராம் துண்டு தன்னையே மறுபடி மறுபடி அழைத்தால், விடையோடு எப்படித் திரும்பி வரும் என்பது மட்டும் புரியவில்லை.

எதிரே புர்கா அணிந்த பெண் ஒருவர் ஜெராக்ஸ் தாளில் புரோகிராம் படித்தபடி வளையல்களைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"வீட்ல கம்ப்யூட்டர் இல்லக்கா, புரோகிராம நானே கையால ஓட்டிப் பாக்குறேன். ஃபங்ஷன் தன்னையே கூப்புடுறப்பல்லாம் ஒரு வளையல் போடணும், திரும்பி வர்றப்ப ஒண்ணு கழட்டணும். கடைசியா போட்டதுதானே மொதல்ல கழலும்? பாப்பாவக் குடுங்க, இந்த வளையலப் போட்டு நீங்க ஓட்டுங்க."

முன்பின் தெரியாதவரிடம் கொடுக்கலாமா? தயங்கியே கொடுத்தேன். கடைசி வளையல் கழன்றதும் விடை வந்தது. "வந்துடுச்சு!" என்று கத்தினேன். அடுத்த கணக்கு, அதற்கும் அடுத்தது.

"அக்கா, காட்பாடி! பாப்பா வேணாமா?"

வளையல்களைக் கொடுத்துப் பாப்பாவை வாங்கிக்கொண்டு, குழந்தையை மறந்த வெட்கத்தோடு இறங்கினேன்; சந்தோஷம் அதைவிட ஜாஸ்தி. அவர் எதற்காகப் படிக்கிறார் என்று கேட்கவேயில்லை.