முதலில் வைத்த கால்

என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். நடுக்கடலில் கைபேசி எடுக்காது. கப்பலின் மின்னஞ்சல்தான் எங்களுக்கு ஒரே வழி. திடீரென்று அதுவும் நின்றுபோனது. தினமும் எழுதினேன், பதில் இல்லை. அது நிற்பதற்குச் சற்று முன்புதான் மகள் நடக்கத் தொடங்கிய வீடியோவை அனுப்பியிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லையே என்று அவர்மேல் ஆத்திரமாக வந்தது. கடைசியில் கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, ஆரையம்பதியிலிருந்து காத்தான்குடியில் உள்ள திருத்தும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் திரையைப் பார்த்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.

“தங்கச்சி, நீங்க எழுதின ஒண்டும் போகல்ல. இந்த வீடியோ பெரிசு. தானும் போகாம, மத்ததுகளையும் மறிச்சிக்கிட்டு நிக்கிது. அவர் எழுதினதும் இதாலதான் வரல்ல. இத அழிக்கத்தான் வேணும்.”

“ஐயோ நானா, அத அவர் பாக்க வேணுமே!”

“வீடியோ உங்கட கணினியில இரிக்கிதானே. அவருக்கு எழுத்தில சொல்லுங்க.”

அழித்ததும் அவருடைய மெயில்கள் மளமளவென்று வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் “ஏன் எழுதுறாய் இல்ல?” என்ற கேள்விதான். நான் அவர்மேல் கோபப்பட்டிருந்த நாட்களில் அவர் அங்கே தவித்திருக்கிறார்.

“மகள் நடக்கிறா” என்று எழுதினேன். மாலையில் பதில் வந்தது.

“எந்தக் கால முதல்ல வெச்சவ?”

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று படம் பிடித்தவள் நான். வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வலது கால்.

இப்போதெல்லாம் அவள் சாப்பிடுவதையும் தூங்குவதையும்கூட, அவர் என்ன கேட்பாரோ என்று நினைத்துக்கொண்டேதான் பார்க்கிறேன்.