அம்மனைத் திரும்பிப் பார்த்த படகோட்டி

எனக்குச் சாமியாடுகிறவர்களைக் கண்டால் ஆகாது. எங்கள் படகோட்டி சிவகுருவுக்கு அம்மன் வருகிறது என்று ஊர் சொன்னபோது, நான் முதலில் அவர் பக்கத்தில் போய் வாயைத்தான் மணந்து பார்த்தேன். சாராயம் இல்லை. வெறும் தேத்தண்ணி மணம்.

நான் சரவணை ஊர்க்காரி, கடல் தாண்டி நயினாதீவில் படிப்பிக்கிறேன். காலையில் எங்கள் பக்கத்துக் குறிகட்டுவான் துறையில் ஏற்றிக்கொண்டு போய், பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவர் சிவகுரு. பேச்சுக் குறைந்த மனுசன். கச்சான் காற்றடிக்கிற நாளிலும் ஒருவருடைய சீலையும் நனையாமல் கரை சேர்ப்பார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நயினாதீவுத் துறையை விட்டு வெளிக்கிடும்போது துறையடிக் கோயில் அம்மனுக்கு முதுகு காட்டமாட்டார். கை சுக்கானில் இருக்கும், முகம் இடது தோளுக்கு மேலால் கோபுரத்தைப் பார்த்தபடி இருக்கும். அவருடைய தகப்பனும் அப்படித்தான் ஓட்டினாராம்.

போன மாசியில் ஒரு நாள், அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றவரின் கண்கள் துடித்தன. நாக்குத் தடித்து, ஏதோ குழறினார். பிறகு முன்னால் திரும்பி, பச்சைப்பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார்.

“ரீச்சர், நாங்கள் இப்ப போறமோ, வாறமோ?”

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தது. கோபுரத்தைப் பார்த்தால்தான் வருகிறது என்றால் அது வேறு யாராக இருக்கும் என்றது ஊர். சனம் கற்பூரத்தோடு படகேறத் தொடங்கியது. அவர் மனைவி சறோஜினிதேவி மட்டும் சந்தோசப்படவில்லை. “சாமி வந்தால் நல்லாயெல்லோ இருக்கவேணும் ரீச்சர், இவர் சோத்தைக் கண்டு முழிக்கிறார்” என்றாள்.

எங்கள் ஊர் இரஞ்சிதமும் ஒருநாள் வந்தாள். அவளுடைய ஒரே மகன் பிரவீனன் ஏஜென்சிக்காரனை நம்பி ஐரோப்பாவுக்கு வெளிக்கிட்டவன். ஏதோ எல்லைக் காட்டுக்குள் நடக்கிறோம் என்று போனில் சொன்னதோடு சரி. பிள்ளை உயிரோடு இல்லையென்று முடிவுகட்டி, அந்தியேட்டிக் கிரியை செய்யச் சொல்லிச் சொந்தக்காரர் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். சிவகுருவின் கண் துடித்த நேரம் பார்த்து, மகன் வருவானோ என்று அவள் கேட்டாள். “வாறான், வாறான்” என்று அவர் குழறினார். அவள் வீட்டுக்குப் போய்ச் சொந்தக்காரரைத் துரத்திவிட்டு, மகனின் அறைக்கு வெள்ளையடித்தாள்.

வைகாசியில், எதிரே ஒரு படகு வருவதைக் கண்டும் காணாதவர் போல நின்றார் சிவகுரு. கூட வேலைசெய்யும் றெக்‌ஷன் பாய்ந்து சுக்கானைப் பிடித்திராவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த நாளே பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். அவரையும் மனைவியையும் யாழ்ப்பாணத்தில் ஒரு டாக்குத்தரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்தப் பெண் டாக்குத்தர் அவருடைய தலையை இடப்பக்கம் மெல்லத் திருப்பிவைத்துக்கொண்டு, கழுத்து இரத்தக் குழாயைத் திரையில் காட்டினார். வயது போகக் கழுத்தெலும்பு ஓரிடத்தில் முள்ளுப்போல வளர்ந்திருக்கிறது. அதிகநேரம் திரும்பிப் பார்த்தால் அது குழாயை நெரிக்கிறது. மூளையின் பின்பக்கத்துக்கு இரத்தம் குறைகிறது, இரத்தம் குறைய ஒட்சிசனும் குறைகிறது.

“மூளை பசி பொறுக்காது ஐயா. கொஞ்ச நேரம் குறைஞ்சாலே பார்வை, பேச்சு, நினைவு எல்லாம் தடுமாறும். கூட நேரம் குறைஞ்சால் ஒரு பகுதி செத்துப்போகும். ஒப்பரேசன் செய்யுமட்டும் படகு ஓட்டாதேங்கோ, தலையைத் திருப்பாதேங்கோ.”

சிவகுரு வெளியே வந்து வாங்குப் பலகையில் இருந்தார். “அப்ப அம்மன் வரேல்லையே?” என்று கேட்டார். சாமியாடுகிறவர்களைப் பிடிக்காத எனக்கே அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“நான் ஆருக்கும் ஏதும் சொன்னனானோ ரீச்சர்?”

இரஞ்சிதத்தின் கதையைச் சொன்னேன். அப்படியொரு பெண் வந்ததே அவருக்கு நினைவில்லை.

இப்போது சுக்கான் றெக்‌ஷனிடம். சிவகுரு முன்பக்கத்தில் சும்மா இருந்து வருவார். போன கிழமை ஒரு பின்னேரம் நயினாதீவுத் துறையில் இரஞ்சிதம் ஏறினாள். படகு வெளிக்கிட்டதும் அவர் எழுந்து அவளிடம் போனார்.

“அக்கா, அது அம்மன் இல்லை. என்ரை மூளைக்கு இரத்தம் போதாமல் போனது. நான் என்ன சொன்னனான் எண்டே எனக்குத் தெரியாது. என்னை மன்னிக்கவேணும்.”

இரஞ்சிதம் கொஞ்சமும் கலங்கவில்லை.

“உங்களுக்குத் தெரியாதெண்டால், சொன்னது நீங்கள் இல்லை அண்ணை. எனக்கு அது போதும்” என்றாள். பிறகு அவர் பக்கம் குனிந்தாள். “வாறான் எண்டது சரி. எப்ப எண்டு கேக்கத்தான் வந்தனான். ஒருக்கால் திரும்பிப் பாருங்கோ.”

கோபுரம் பின்னால் தூரப் போய்க்கொண்டிருந்தது. சிவகுரு அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பலகையில் இருந்துகொண்டு, இரண்டு கைகளாலும் தன் தலையைத் திரும்பவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குறிகட்டுவான் வரும்வரை அந்தக் கைகளை அவர் எடுக்கவில்லை.